வழக்கு முடிந்தது, வீடு கிடைக்கவில்லை

பிப்ரவரி 3, 2025, திங்கள்

பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் இரண்டாம் மாடி வீடு. வாடகை 12,000, அட்வான்ஸ் பத்து மாதம். பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். டோக்கன் கொடுக்கும் நேரத்தில் ஓனரம்மா கேட்டார்: "முன்ன இருந்த வீட்ட ஏன் காலி பண்ணீங்க?" என் கணவர் உள்ளதைச் சொன்னார். பீன்யாவில் வேலை பார்த்த லேத் கம்பெனியை மூடிவிட்டார்கள், ஐந்து மாத வாடகை நின்றுபோனது, ஓனர் கேஸ் போட்டார், அட்வான்ஸில் பாக்கியைக் கழித்துச் சமரசமாக வீட்டை ஒப்படைத்தோம். "பையன்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார் அந்தம்மா. சாயங்காலமே புரோக்கர் போன் செய்தார், வேறு பார்ட்டிக்குக் கொடுத்தாயிற்றாம்.

பிப்ரவரி 6, வியாழன்

மர்பி டவுனில் அக்கா வீட்டில்தான் இன்னும் இருக்கிறோம். "கோர்ட் கேஸ் சிபில்ல ஏறிடும்மா, ஏழு வருஷத்துக்குப் போகாது" என்கிறார் புரோக்கர். அது தவறு. சிபில் என்பது யார் கடனை எப்படிக் கட்டுகிறார்கள் என்று பதிவு வைக்கும் நிறுவனம். அதன் அறிக்கையில் இருப்பது கடனும் கிரெடிட் கார்டும்தான். வாடகை பாக்கியோ, காலி செய்யச் சொன்ன வழக்கோ அதில் வராது. ஏழு வருஷக் கணக்கு அமெரிக்காவுடையது. அங்கே வாடகைக்கு வருபவரைப் பற்றித் தனியாக விசாரணை அறிக்கை தரும் நிறுவனங்கள் உண்டு. அது மாதிரி வழக்கு அந்த அறிக்கையில் ஏழு வருஷம் வரை வரலாம். அந்த ஊர்க் கதையைச் சொல்லி இங்கே பயமுறுத்துகிறார்கள்.

பிப்ரவரி 8, சனி

சிபில் அறிக்கையை வருஷத்துக்கு ஒருமுறை இலவசமாக எடுக்கலாம். இவர் பெயரில் எடுத்தேன். 900-க்கு 641. வழக்கைப் பற்றி ஒரு வரி இல்லை. மதிப்பெண்ணைக் குறைத்தது பழைய வீட்டு அட்வான்ஸுக்காக வாங்கிய பர்சனல் லோன். சம்பளம் நின்ற மாதங்களில் தவணை எத்தனை நாள் தாமதம் என்று மாதவாரியாக இருக்கிறது. 36 மாதம் வரை அது தெரியும். அட்வான்ஸ் வாடகைக்குக் கழிந்துவிட்டது. அதற்காக வாங்கிய கடன் மட்டும் இன்னும் ஓடுகிறது. இந்த ஊரில் வீடு போனவர்களின் சிபில் அடிபடுவது இப்படித்தான்.

பாதி கட்டினால் முடித்துக்கொள்ளலாம் என்று லோன் ஏஜென்ட் சொல்கிறார். வேண்டாம் என்றேன். அப்படி முடித்தால் 'செட்டில்ட்' என்று பதிவாகும், அடுத்து கடன் கேட்டால் அதைப் பார்த்தே தள்ளிவிடுவார்கள். முழுக்கக் கட்டினால்தான் 'குளோஸ்ட்'. இந்த ஜனவரியிலிருந்து பேங்குகள் பதினைந்து நாளுக்கொருமுறை சிபிலுக்கு விவரம் அனுப்பவேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பதால், ஒழுங்காகக் கட்டுவதும் சீக்கிரம் தெரியவரும்.

பிப்ரவரி 13, வியாழன்

மேயோ ஹால் கோர்ட்டில் வக்கீலைப் பார்த்தேன். கோர்ட் வழக்கு விவரங்களைக் காட்டும் இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டால் வழக்கு யாருக்கும் தெரியும். முடிந்த வழக்கு என்றுதான் இருக்கும், ஆனால் எப்படி முடிந்தது என்று யாரும் திறந்து படிப்பதில்லை. அதனால் சமரச உத்தரவின் சர்டிஃபைட் காப்பிக்கு மனுப் போட்டோம். பாக்கி இல்லை என்று அதில் தெளிவாக இருக்கிறது.

கர்நாடக வாடகைச் சட்டம் காப்பாற்றாதா என்று கேட்டேன். பெங்களூரில் மாத வாடகை 3,500-க்கு மேல் போனாலே 1999-ம் வருஷச் சட்டம் பொருந்தாதாம். 3,500-க்கு இங்கே எந்த வீடு கிடைக்கிறது? 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த மாதிரிச் சட்டத்தில் குடியிருப்புக்கு அட்வான்ஸ் இரண்டு மாதம்தான், ஆனால் மாநிலம் தனியாகச் சட்டம் போட்டால்தான் செல்லும். இரண்டு மாதம் என்றிருந்தால் நாங்கள் கடனே வாங்கியிருக்க மாட்டோம். எனக்கு இதில்தான் ஆத்திரம்.

பிப்ரவரி 20, வியாழன்

ராஜாஜிநகர் பக்கம் ஒரு வீடு. கேட்பதற்கு முன்பே ஃபைலை நீட்டினேன்: உத்தரவு நகல், நின்ற மாதங்களுக்கு முன்பு வாடகை போன பேங்க் ஸ்டேட்மென்ட், பாக்கியில்லாத பெஸ்காம் கரண்ட் பில், இவருடைய புது வேலைக் கடிதம். ஓனர் பெரியவர், ஓய்வுபெற்றவர். எல்லாம் படித்துவிட்டு எங்கள் எதிரிலேயே பழைய ஓனருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் கேட்டது: "பணம் பாக்கி இல்ல சார். ஆனா கோர்ட்டுக்கு அலைய வெச்சாங்க." அவர் சொன்னதில் பொய் இல்லை.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, வாடகை 13,000, அட்வான்ஸ் ஆறு மாதம் என்றார். அக்கா நகையை வைத்துத் தருகிறேன் என்கிறாள்.

பிப்ரவரி 22, சனி

பதினொரு மாத அக்ரிமென்ட் வரைவு வந்தது. காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடித்தம் என்று போட்டிருக்கிறது. இங்கே எல்லோரும் போடுவதுதான், ஒத்துக்கொண்டோம். மீதி அட்வான்ஸை சாவி கொடுக்கும் அன்றே தரவேண்டும், வாடகை தாமதமானால் எழுத்தில் நோட்டீஸ் தரவேண்டும் என்று இரண்டு வரி சேர்க்கச் சொன்னேன். முதலாவதுக்குச் சரி என்றார். இரண்டாவதைத் திங்கட்கிழமை பேசலாமாம்.