இன்னும் ஆறு மாசம்

"அண்ணா, பெட்டு எப்பங்க குடுப்பீங்க?" என்று கேட்டான், என்னிடம் ஸ்க்ரேப்பிங் பழகும் பையன். பெட்டு என்றால் மெஷினின் நீளமான இரும்பு அடித்தளம்; ஸ்க்ரேப்பிங் என்றால் மேடுகளைக் கையால் சுரண்டித் தட்டையாக்கும் வேலை. "இன்னும் ஆறு மாசம் போகட்டும் தம்பி" என்றேன். அந்த ஆறு மாதக் கணக்கை எதை வைத்துச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. பன்னிரண்டு அங்குல வார்ப்பிரும்பு பிளேட்டை ஸ்க்ரேப் செய்து கொண்டுவந்திருந்தான். தட்டையான மாஸ்டர் பிளேட்டில் நீல மை தடவி இதை அதன்மேல் தேய்த்தால், மேடான இடங்களில் நீலப் புள்ளி விழும். ஓரங்குலச் சதுரம் வெட்டிய அட்டையை எங்கே வைத்து எண்ணினாலும் 18 புள்ளி, 20 புள்ளி. டிராயிங் கேட்பது 16. சுற்றுக்குச் சுற்று திசை மாற்றி வெட்டியிருந்தான், ஆயில் ஸ்டோன் போட்டுப் பிசிறும் எடுத்திருந்தான்.

பிளேட்டை மாஸ்டர் மேல் கவிழ்த்து ஒரு மூலையை விரலால் தள்ளினேன். நடுவில் ஆணி அடித்து வைத்ததுபோலச் சுற்றியது. தட்டையான பிளேட் அப்படிச் சுற்றாது. ஒரு முனையைத் தள்ளினால், மறுமுனையிலிருந்து கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு உள்ளே ஊன்றித் திரும்பும். நடுவிலேயே சுற்றினால் நடு மேடு, மறுமுனையிலேயே ஊன்றினால் நடு குழி.

அப்படியானால் 20 புள்ளி எப்படி விழுந்தது? நீலம் கனமாக இருந்தது. சில மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வித்தியாசத்தை நீலமே நிரப்பி, முழுக்க ஒட்டியதுபோலக் காட்டிவிடும். முதல் சுற்றுகளில் கனமாகத் தடவலாம், மேடுகள் பெரிதாக இருக்கும். கடைசிச் சுற்றுகளில், தடவினோமா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்குத் தேய்த்துப் பரப்ப வேண்டும். அப்போதுதான் புள்ளிக்குள்ளேயே வித்தியாசம் தெரியும்: நீல வளையத்துக்கு நடுவே பளபளவென்று வெளுத்திருப்பதுதான் உச்சி, வெறும் நீலம் அதற்கு அடுத்த மேடு. அவன் நீலமாகத் தெரிந்ததையெல்லாம் வெட்டியிருந்தான். ஓரத்தில் ஸ்க்ரேப்பரை ஊன்றும்போது மணிக்கட்டு அழுந்தியதில் ஓரங்களும் இறங்கியிருந்தன.

"ஆறு மாசத்துல என்னங்கண்ணா புதுசா வரும்?" என்றான். "கை வரும்" என்றேன். நீலத்தைப் பற்றியும் மணிக்கட்டைப் பற்றியும் அப்போதே சொல்லியிருக்கலாம். பிளேட்டைச் சுற்றிக் காட்டிவிட்டுப் பேசாமல் நின்றேன்.

பெட்டைக் கொடுக்காதது சரி என்றே நினைக்கிறேன். வெட்டிய இரும்பை ஒட்ட வழியில்லை. ஒரே இடத்தில் 5 மைக்ரான் ஆழம் போனால், ஒன்றரை மீட்டர் நீளமும் 5 மைக்ரான் இறங்கியாக வேண்டும். கடைசிக் கட்டத்தில் சுற்றுக்கு 2, 3 மைக்ரான்தான் எடுக்க முடியும். அதோடு சூடு வேறு. 100 மி.மீ. உயரமுள்ள ஒரு மீட்டர் ஸ்ட்ரெயிட் எட்ஜுக்கு (பெட்டைச் சரிபார்க்கும் நேர்ச்சட்டம்) மேலும் அடியும் ஒரு டிகிரி வித்தியாசப்பட்டாலே 10 மைக்ரானுக்கு மேல் வளைந்துவிடும். ஜன்னல் வெயிலோ, வெகுநேரம் ஊன்றிய உள்ளங்கையோ போதும். அந்த வளைவை நம்பி வெட்டினால், பெட் குளிர்ந்த இடத்தில் வேறு கதை சொல்லும். இதையெல்லாம் கை நிதானிக்க வருஷங்கள் ஆகும்.

ஆனால் சுற்றிப் பார்க்கும் சோதனைக்கு வருஷங்கள் வேண்டாம், ஐந்து நிமிஷம் போதும். ஒத்துப்போவது வேறு, தட்டையாக இருப்பது வேறு. குழியும் மேடும்கூட ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தும். அதனால்தான் மாற்றி மாற்றிச் சரிபார்க்க மூன்று பிளேட் வேண்டும் என்று இங்கிலாந்து இன்ஜினியர் விட்வொர்த் 1840-லேயே எழுதிவைத்தார். முதல் மாதமே அதைக் காட்டினால் கை பழகுமுன் சோதனைக்காகவே வெட்டப் பழகிவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அப்படிக் காட்டாமல் விட்டதால்தான் அவன் எட்டு மாதம் கன நீலத்தில் பழகினான். பொறுமை அவனிடம் இல்லாமலில்லை. எட்டு மாதம் ஒரே வார்ப்பிரும்பை நின்று வெட்டியவன் அவன்.

அடுத்த மாதமே சிஎன்சி ஆபரேட்டர் வேலைக்குப் போய்விட்டான். பிளேட் என் பெஞ்சுக்கு அடியில் எண்ணெய்த் துணி சுற்றி இருக்கிறது. போன வாரம் எடுத்து மெல்லிய நீலம் போட்டுப் பார்த்தேன். நடுவில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் புள்ளி, சுற்றிலும் வெறுமை. நான்கைந்து சுற்றில் சரியாகிவிடும் பிளேட்தான்.