கோக்கர்ஸ் வாக்கில் எத்தனை பேர் நடக்கலாம்?

நான் படித்த சுற்றுலா எம்பிஏவில் சேரலாமா என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், மூன்று பேருமே எங்கள் கொடைக்கானல் பிள்ளைகள். சேருங்கள் என்றுதான் சொன்னேன். எதற்காக என்பதைப் போனில் சரியாகச் சொல்ல வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

அப்பா இங்கே முப்பது வருடமாக டாக்ஸி ஓட்டுகிறார். ஏப்ரல், மே இரண்டு மாத சீசனில் ஓடுவதை வைத்துத்தான் எங்கள் வீட்டில் மீதிப் பத்து மாதமும் அடுப்பு எரியும். நீடித்த சுற்றுலா மேலாண்மை, அதாவது ஊரைக் கெடுக்காமல் சுற்றுலா நடத்துவது எப்படி என்று படிக்கப் போகிறேன் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "வண்டியெல்லாம் வரக் கூடாதுன்னு சொல்ற படிப்பா பாப்பா?" இல்லப்பா என்று சொன்னேனே தவிர, அன்றைக்கு எனக்கும் பதில் தெரியாது.

முதல் வருடம் முழுக்க விமான டிக்கெட், ஹோட்டல் வரவேற்பறை, மார்க்கெட்டிங். ஒரு நாள்கூட எங்களை வெளியே கூட்டிப் போகவில்லை. அம்மாவின் நகையை வைத்துக் கட்டிய ஃபீஸ் அது, அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. இரண்டாம் வருடம் தாங்குதிறன், அதாவது ஓர் இடம் கெடாமல் எத்தனை பேரைத் தாங்கும் என்ற பாடம் வந்த பிறகுதான் படிப்பு எனக்குப் பிடிபட்டது.

1992ல் மிகேல் சிஃபுவெந்தஸ் என்பவர் அதற்கு ஒரு கணக்கு முறை சொன்னார். கோக்கர்ஸ் வாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் மலை விளிம்போரமாகச் சுற்றுலாப் பயணிகள் நடக்கும் சுமார் 1 கிலோமீட்டர் பாதை. மீட்டருக்கு ஒரு ஆள் என்றால் ஒரே சமயத்தில் 1,000 பேர் நிற்கலாம், நடந்து முடிக்க அரை மணி, நாளுக்குப் பத்து மணி நேரம் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால் 20 சுற்று, ஆக 20,000 பேர். இது வெறும் இடத்தின் கணக்கு. அடுத்து மழை, மூடுபனி, சறுக்கல் என்று ஒவ்வொன்றுக்கும் கழிக்க வேண்டும். கடைசியாகக் கழிவறை எத்தனை, குப்பை அள்ள எத்தனை பேர் என்று பார்த்து இன்னும் கழிக்க வேண்டும். கழித்துக்கொண்டே வந்தால் கையில் நிற்கும் எண் ரொம்பச் சின்னது.

ஆனால் அந்த எண்ணோடு விஷயம் முடிந்துவிடவில்லை. அமெரிக்க வனத்துறைக்காரர்கள் 1985லேயே கேள்வியை மாற்றிக் கேட்டார்கள்: எத்தனை பேர் வரலாம் என்பதை விடு, இந்த இடம் எவ்வளவு மாறினால் நாம் பொறுத்துக்கொள்வோம் என்று முதலில் முடிவு செய். எங்கள் ஊருக்கு இந்தக் கேள்விதான் வேண்டும் என்று நினைக்கிறேன். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7ல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது, 2025 சீசனில் வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 என்று கொடைக்கானலுக்கு அளவு வைத்தார்கள். அது தேவைதான், நான் ஆதரிக்கிறேன். ஆனால் காலையில் வந்து சாயங்காலம் இறங்கும் வண்டியும், நான்கு பேர் இரண்டு ராத்திரி தங்கிக் குளிக்கும் வண்டியும் அந்தக் கணக்கில் ஒன்றுதான்.

என் ஆய்வுக்கு நான் எடுத்தது தண்ணீர். பக்கத்துத் தெருவில் ஒரு ஹோம்ஸ்டே, மாடியில் 1,000 லிட்டர் தொட்டி. தினமும் காலை ஆறு மணிக்கு ஏறி ஒரு மூங்கில் குச்சியை விட்டு ஈரம் எதுவரை என்று சாக்பீஸால் கோடு போடுவேன். வெள்ளிக்கிழமைக் கோட்டைவிட ஞாயிற்றுக்கிழமைக் கோடு முக்கால்வாசி கீழே இறங்கியிருக்கும். காரணம் குளியல் மட்டுமில்லை. கீசரிலிருந்து வெந்நீர் வந்து சேரும்வரை குழாயில் நிற்கும் பச்சைத் தண்ணீரை எல்லோரும் திறந்துவிட்டுக் காத்திருக்கிறார்கள், அத்தனையும் சாக்கடைக்குப் போகிறது. அந்த வீட்டு அக்காவிடம் குழாயடியில் ஒரு பக்கெட் வைக்கச் சொன்னேன், அந்தத் தண்ணீர் இப்போது கழிவறைக்குப் போகிறது. அதே தெருவில் கோடையில் குடத்தோடு லாரிக்கு நிற்பவர்களைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

இன்னொன்று, காசு எங்கே போய்ச் சேருகிறது என்பது. சுற்றுலாக் காசு உள்ளூரில் தங்காமல் வெளியே போவதைப் பாடத்தில் கசிவு என்பார்கள். பக்கத்திலிருக்கும் பூம்பாறை கிராமத்துக்கு மேலே ரோட்டோரம் வண்டியை நிறுத்தி அடுக்கடுக்கான வயலைப் போட்டோ எடுத்துவிட்டு அப்படியே திரும்புகிறார்கள். 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு அங்கேதான் விளைகிறது, ஒரு கால் கிலோ வாங்காமல் போகிறார்கள்.

சரி, எங்கே படிப்பது? மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் 1983ல் தொடங்கிய ஐஐடிடிஎம் என்ற சுற்றுலா, பயண மேலாண்மைக் கல்வி நிறுவனத்துக்கு குவாலியர் தவிர நெல்லூரிலும் வளாகம் இருக்கிறது. புதுச்சேரி பல்கலைக்கழகத்தில் சுற்றுலாவுக்குத் தனித் துறையே இருக்கிறது. எந்த டிகிரி முடித்தவரும் விண்ணப்பிக்கலாம். எங்கே சேர்ந்தாலும் பணம் கட்டும் முன் ஒன்று கேளுங்கள்: ஆய்வை என் ஊரிலேயே செய்ய விடுவீர்களா? மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

அப்பா இப்போது பூம்பாறையில் தானாகவே வண்டியை ஊருக்குள் இறக்குகிறார். குழந்தை வேலப்பர் கோயிலைக் காட்டிவிட்டு, பூண்டு விற்கும் அம்மாக்களின் திண்ணை ஓரமாக நிறுத்துகிறார். போன வாரம் சாப்பிடும்போது கேட்டார்: "அந்த ஆறாயிரம் வண்டியில ராத்திரி தங்குறது எத்தனைன்னு யாராவது எண்ணுறாங்களா?" எனக்குத் தெரிந்து இல்லைப்பா என்றேன். வருகிற சனிக்கிழமை காலையில் பெருமாள்மலை திருப்பத்தில் இருவரும் நோட்டோடு உட்காரப் போகிறோம், ஏறுவதையும் இறங்குவதையும் எழுத.