இன்சைட் பாசேஜ்: டீசல் கணக்கும் கேப் காஷன் காத்திருப்பும்

கனடாவின் மேற்குக் கரையோரம் தீவுகளுக்கு உள்ளே போகும் நீர்வழிதான் இன்சைட் பாசேஜ். அதில் போர்ட் ஹார்டியிலிருந்து வடக்கே பிரின்ஸ் ரூப்பர்ட் வரை சொந்தப் படகில் போய்ச் சேர வேண்டும் என்பது திட்டம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபெரி இந்த 274 கடல் மைலை 16 மணி நேரத்தில் ஓடிவிடும். நாங்கள் இதுவரை கேப் காஷன் முனையைத் தாண்டி ஷியர்வாட்டர் வரை போய்த் திரும்பியிருக்கிறோம். மீதி அடுத்த கோடைக்கு.

படகு 32 அடி, ஒற்றை டீசல் இன்ஜின். பாதி என்னுடையது, பாதி அக்கா வீட்டுக்காரர் அத்தானுடையது. இன்ஜின் யார் பாதியில் இருக்கிறது என்று இன்னும் பேசி முடிக்கவில்லை.

குளிர்காலம் முழுக்க நடந்தது டீசல் அளவெடுக்கிற வேலைதான். கம்பெனி புத்தகத்தில் இருக்கிற வரைபடம் இன்ஜினுக்கு மட்டும் போட்டது. நம் படகின் எடை, அடியில் ஒட்டியிருக்கும் பாசி எதுவும் அதற்குத் தெரியாது. வான்கூவர் நகருக்குப் பக்கத்திலுள்ள ஹவ் சவுண்ட் கடற்கழியில் அலையில்லாத நாளாகப் பார்த்து, டேங்கைக் குறிவரை நிரப்பி, ஒரே ஆர்பிஎம்மில் போகவும் வரவும் ஓட்டி (நீரோட்டம் கழிந்துபோக வேண்டுமே), திரும்பி வந்து அதே குறிவரை ஊற்றினோம். 1,600-ல் வேகம் 6.5 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்), மணிக்கு 6 லிட்டர். 2,200-ல் 8 நாட், மணிக்கு 14 லிட்டர். ஒன்றரை நாட் கூட்டியதற்கு இரண்டு மடங்குக்கு மேல் எண்ணெய். நீரைத் தொடும் நீளம் எங்கள் படகுக்கு 29 அடி. அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் சுமார் 7.2 நாட். அதற்கு மேல் விரட்டினால் படகு தானே கிளப்பிய முன்னலையில் ஏறப் பார்க்கிறது. இன்ஜின் முக்குவது காதிலேயே கேட்கும்.

டேங்க் 400 லிட்டர். உறிஞ்சு குழாய் அடிவரை போகாததால் கைக்கு வருவது 360 என்று வைத்துக்கொண்டோம். மெதுவாகப் போனால் மொத்தத் தூரத்துக்கும் சுமார் 250 லிட்டர் போதும். விரட்டினால் 480, டேங்கே பத்தாது. வடமேற்குக் காற்று எதிரே நின்றாலோ அதே 1,600-ல் வேகம் 5 நாட்டுக்கு இறங்கிவிடுகிறது. எண்ணெய் மட்டும் அதே 6 லிட்டர். அதனால் மைலுக்கு இத்தனை லிட்டர் என்று எழுதிவைத்திருந்த பக்கத்தை அடித்துவிட்டு, எல்லாவற்றையும் மணிக்கணக்காக மாற்றினேன். 360 லிட்டர் என்றால் 60 மணி நேரம். மூன்றில் ஒரு பங்கைத் தொடுவதில்லை. திட்டத்துக்கு 40 மணி நேரம்.

தொடாத அந்தப் பங்கு வானிலைக்கானது. திரும்பி ஓட, வளைந்து ஒதுங்க, நாள் கணக்கில் நங்கூரத்தில் கிடக்க. கேபின் ஹீட்டரும் அதே டேங்கில்தான் குடிக்கிறது, ஆனால் ஒரு நாளைக்கு ஐந்தாறு லிட்டர்தான். கையிருப்பு இருந்தால் "இன்னிக்கே போயாகணும்" என்கிற பேச்சு படகில் எழுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

டீசல் கிடைக்கும் இடங்கள் குறைவு. ஷியர்வாட்டர், அல்லது எதிரே பெல்லா பெல்லா. அங்கிருந்து கிளெம்ட்டு சுமார் 40 மைல், ஹார்ட்லி பே இன்னொரு 60, பிரின்ஸ் ரூப்பர்ட் மேலும் 80. சின்ன ஊர்களுக்கு எண்ணெய் பார்ஜில் வருகிறது. டாக் திறந்திருக்கும் நேரமும் கொஞ்சம்தான். முன்கூட்டியே போன் போட்டுக் கேட்பது நல்லது. கேட்டாலும், அடுத்த டாக் மூடியிருக்கும் என்று வைத்தே கணக்குப் போடுகிறோம். ஹார்ட்லி பே இல்லையென்றால் கிளெம்ட்டுவிலிருந்து 140 மைல். எதிர்காற்றில் 28 மணி நேரம், 168 லிட்டர். தாங்கும்.

எண்ணெய் இருந்தும் இன்ஜின் நிற்கலாம். டேங்க் அடியில் வருஷக்கணக்காகப் படிந்த கசடு, படகு நன்றாக ஆடும்போதுதான் கிளம்பி ஃபில்டரை அடைக்கும். அதாவது அலை பெரிதாக இருக்கிற நேரம் பார்த்து. கிளம்புமுன் டேங்கைச் சுத்தம் செய்தோம். மாற்று ஃபில்டர்களை ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கிறோம். ஓடும் படகில் மாற்றிப் பழகியும் ஆயிற்று. டீசல் நாற்றம் கையை விட்டுப் போக ரெண்டு நாள் ஆகும்.

இனி கேப் காஷன். வான்கூவர் தீவின் மறைப்பு முடிந்து, பசிபிக்கின் நெடிய அலை நேராக உள்ளே வருகிற இடம். கோடையில் காலை அமைதி, மதியத்துக்குப் பிறகு வடமேற்கு வலுக்கும். இதற்கு மேல் வற்றம், அதாவது கடல்நீர் இறங்கும் ஓட்டம், ஒரு தொல்லை: நக்வாக்டோ ராப்பிட்ஸ் வழியாக வடிகிற தண்ணீர் ஸ்லிங்ஸ்பி கால்வாய் வாயில் வெளியே பாய்ந்து, எதிரே வரும் மேற்கு அலையோடு மோதும். காற்றே இல்லாத நாளிலும் அங்கே அலை செங்குத்தாக எழும். ஆகவே வற்றம் ஓய்ந்து ஏற்றம் (நீர் ஏறும் ஓட்டம்) தொடங்கும் நேரமும் விடிகாலையும் சேர்ந்து வர வேண்டும்.

முன்னறிவிப்பைவிட எனக்கு நம்பிக்கை கலங்கரை விளக்கக் காவலர்கள் மீது. இந்தக் கரையில் இன்னும் ஆள் இருக்கும் கலங்கரை விளக்கங்கள் உண்டு. தானியங்கிக் கருவி காற்றைச் சொல்லும். கடலின் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். விஎச்எஃப் ரேடியோவின் வானிலைச் சேனலில் "பைன் ஐலண்ட், மேகமூட்டம், பார்வை 15, வடமேற்கு 12, 2 அடி சாப், லோ வெஸ்டர்லி" என்று மளமளவென்று ஓடும். பார்வை மைலில், காற்று நாட்டில்; சாப் என்பது காற்று கிளப்பும் குட்டை அலை, லோ வெஸ்டர்லி என்பது மேற்கிலிருந்து வரும் தாழ்ந்த நெடிய அலை. பென்சிலோடு உட்கார்ந்தால்தான் பிடிக்க முடியும். முனைக்குத் தெற்கே பைன் ஐலண்ட், வடக்கே எக் ஐலண்ட். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வெளிக்கடலில் வெஸ்ட் சீ ஆட்டர் மிதவை அலையின் உயரத்தையும் இடைவெளியையும் தருகிறது. ஒன்றரை மீட்டர் அலை பத்து விநாடிக்கு ஒன்று வந்தால் தாலாட்டு. ஐந்து விநாடிக்கு ஒன்று என்றால் போகவே வேண்டாம்.

போர்ட் ஹார்டியிலிருந்து நேரே தாவாமல், எதிர்க்கரைக்குப் போய் ஸ்கல் கோவ் என்ற சிறு குடாவில் நங்கூரம் போட்டிருந்தோம். காலை ரிப்போர்ட்டை அத்தான் எழுதிக்கொண்டிருந்தார்.

"தம்பி, பைன்ல 18-ங்கிறான். வேணாம்."

"எக் ஐலண்டுல 8-தானே, அத்தான்?"

"நாம இருக்கிறது பைன் பக்கம்."

அன்று முழுக்க நண்டுக் கூண்டு போட்டோம். மறுநாள் இரண்டு இடத்திலும் ஒற்றை இலக்கம். வெளிச்சம் வந்ததும் கிளம்பி, பத்து மணிக்குள் முனைக்கு அப்பால் ஃப்யூரி கோவ். கடப்பில் சொல்ல ஒன்றுமே இல்லை, மிதக்கும் மரக்கட்டைகளைப் பார்த்து விலக்கியதைத் தவிர. மதியம் எக் ஐலண்டில் 25.

அடுத்த கட்டத்தில் யோசிக்க வைப்பது கிரென்வில் கால்வாய். 45 மைல் நீளம், ஒடுக்கம். ஏற்றம் இரு முனையிலிருந்தும் நுழைந்து, கிளூனகிட் இன்லெட் அருகே சந்திக்கிறது. வற்றமும் அதே போல் இரு பக்கமும் வடிகிறது. தெற்கு வாயில் ஏற்றத்தோடு நுழைந்து, சந்திக்கும் இடத்தை உச்ச நீரில் தொட்டால், மறுபாதிக்கு வற்றமே வடக்கே இழுத்துப் போகும். தவறினால் வழி முழுக்க எதிர்நீர். நடுவில் லோ இன்லெட்டில் இரவு தங்கலாம் என்கிறார் அத்தான். நான் ஏற்றவற்ற அட்டவணையை வைத்துக்கொண்டு, எந்த வாரத்தில் உச்ச நீர் காலை பத்துமணி வாக்கில் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.