கேஷ் டைம் 30ன்னு போட்டா 30 நாளா? கான்ஃபிக் வேலிடேஷன் போட்ட அனுபவம்

சி ஷார்ப்ல ஒரு செட்டிங்ஸ் கிளாஸ், அதுல கேஷ் (ஒரு தடவை எடுத்த டேட்டாவை தற்காலிகமா வெச்சுக்கிறது) எவ்வளவு நேரம் இருக்கணும்னு டைம்ஸ்பேன்கிற, கால அளவைக் குறிக்கிற டைப்ல ஒரு ப்ராப்பர்ட்டி. கான்ஃபிக் வேல்யூ எல்லாம் இருக்கிற ஜேசான் ஃபைல்ல அதுக்கு "30"ன்னு போட்டா பாக்கிறவங்க எல்லாருக்கும் 30 செகண்டுன்னுதான் தோணும், ஆனா டைம்ஸ்பேன் அதை 30 நாளா எடுத்துக்கும். செகண்டு வேணும்னா "00:00:30"ன்னு எழுதணும். எங்க டீம்ல இது ப்ரொடக்ஷன் வரைக்கும் போயிடுச்சு, எர்ரர் இல்ல வார்னிங் இல்ல, பழைய டேட்டாவே திரும்பத் திரும்ப வருது, ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிடுது, அப்புறம் மறுபடியும் அதே கதை, காரணத்தைக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள தாவு தீர்ந்துடுச்சு. இதே 30, வெளி சர்வரைக் கூப்பிடுற ஹெச்டிடிபி கிளையண்ட்டோட டைம்அவுட்டுக்குப் போயிருந்தா அது 24 நாளும் சொச்சத்துக்கு மேல ஏத்துக்காது, அங்கேயே எக்ஸெப்ஷன் அடிச்சு காட்டிக் கொடுத்திருக்கும். கேஷ் பாவம், சொன்னதைக் கேட்டு நடந்துக்கிச்சு.

சரி, அப்ளிகேஷன் (அப்) ஸ்டார்ட் ஆகும்போதே கான்ஃபிக்கை செக் பண்ணிடலாம்னு இறங்கினோம். டாட் நெட்ல (சி ஷார்ப் ஓடுற ஃப்ரேம்வொர்க்) ஆப்ஷன்ஸ் பைண்ட் பண்ற இடத்துல, அதாவது ஃபைல்ல இருக்கிற வேல்யூவை செட்டிங்ஸ் கிளாஸுக்குள்ள ஏத்துற இடத்துல, வேலிடேட்டேட்டாஅனோடேஷன்ஸ்னு ஒரு கால் சேர்த்தா ரிக்வயர்டு (இருந்தே ஆகணும்), ரேஞ்ச் (இந்த எல்லைக்குள்ள இருக்கணும்) மாதிரி ப்ராப்பர்ட்டி மேல ஒட்டுற அட்ரிபியூட் எல்லாம் வேலை செய்யும். ஆனா அது மட்டும் போதாது, ஏன்னா அந்த ஆப்ஷன்ஸோட வேல்யூவை யாராவது முதல்முறை கேக்கும்போதுதான் செக் நடக்கும், அதாவது நைட்டு ஓடுற ஒரு ஜாப் மட்டும் யூஸ் பண்ற செட்டிங்னா நைட்டுதான் வெடிக்கும். டாட் நெட் 6ல வந்த வேலிடேட்ஆன்ஸ்டார்ட்டையும் கூடப் போட்டாதான் அப் எழும்பும்போதே செக் ஆகும், தப்பு இருந்தா அப் எழும்பவே எழும்பாது. எனக்கு இது ஒண்ணுக்காகவே மொத்த வேலையும் பண்ணலாம்னு தோணுச்சு.

ரிக்வயர்டை நம்பி இன்ட் (முழு எண்) ப்ராப்பர்ட்டி மேல போடாதீங்க. கீயே இல்லாட்டியும் இன்ட்டுக்கு 0 இருக்குமே, நல் (null, வேல்யூவே இல்லாத நிலை) கிடையாது, அதனால பாஸ் ஆயிடும். நல்லும் வரலாம்னு நல்லபிளா மாத்துங்க, இல்ல ரேஞ்ச் போடுங்க.

இப்ப கேஷ் டைம் விஷயம். ரேஞ்ச் அட்ரிபியூட்லயே டைம்ஸ்பேன் டைப்பைக் குடுத்து குறைஞ்சது இவ்வளவு அதிகபட்சம் இவ்வளவுன்னு ஸ்ட்ரிங்கா சொல்லலாம், வேலை செய்யும். பிடிக்காதது அதோட மெசேஜ்தான். "இதுக்கும் இதுக்கும் நடுவுல இருக்கணும்"னு மட்டும் சொன்னா, ஃபைல்ல 30ன்னு எழுதினவர் "30 நடுவுலதானே இருக்கு"ன்னு ஸ்க்ரீனை முறைச்சுட்டு உக்காந்திருப்பார். அதனால சொந்தமா ஒண்ணு எழுதினோம். வேலிடேஷன்அட்ரிபியூட்லேர்ந்து இன்ஹெரிட் பண்ணி, இஸ்வேலிட் மெத்தடை ஓவர்ரைடு பண்ணணும். அதுல ரெண்டு வகை இருக்கு, வேலிடேஷன் கான்டெக்ஸ்ட் வாங்குறதை எடுத்துக்கோங்க, அப்பதான் ப்ராப்பர்ட்டி பேரை எடுத்து மெசேஜ்ல போட முடியும். அட்ரிபியூட்டுக்கு குடுக்கிற ஆர்க்யுமென்ட் எல்லாம் கான்ஸ்டன்டா இருக்கணும்கிறதால டைம்ஸ்பேனை நேரா குடுக்க முடியாது, செகண்டுகளை இன்ட்டா வாங்கி உள்ள மாத்திக்கிட்டோம். வந்த வேல்யூ ஒரு நாளைத் தாண்டினா மெசேஜ் இப்படி வரும்: "கேஷ் டைம் 30 நாள் என்று வந்திருக்கிறது, 30 செகண்டு வேண்டுமானால் 00:00:30 என்று எழுதவும்". கஸ்டம் அட்ரிபியூட் எழுதறதே இந்த ஒரு வரிக்காகத்தான்னு சொல்வேன், செக்கை எந்த இஃப் கண்டிஷனும் பண்ணிடும்.

நல் வந்தா என்ன பண்றதுன்னு டீம்ல ஒரு சண்டை. சக்சஸ்னு விட்டுடுங்கன்னேன் நான், இருக்கணுமா வேண்டாமான்னு பாக்கிறது ரிக்வயர்டு வேலை, நம்ம அட்ரிபியூட் இருக்கிற வேல்யூவை மட்டும் பாத்தா போதும். ஃப்ரேம்வொர்க்ல ரேஞ்ச்கூட அப்படித்தான் பண்ணுது. இன்னொண்ணு, அட்ரிபியூட் உள்ள எந்த ஸ்டேட்டும் வெச்சுக்காதீங்க, ஒரே இன்ஸ்டன்ஸை பல த்ரெட்ல யூஸ் பண்ண வாய்ப்பிருக்கு. கனெக்ஷன் ஸ்ட்ரிங், பாஸ்வேர்டு மாதிரி ப்ராப்பர்ட்டிக்கு வேல்யூவை மெசேஜ்ல போடவே கூடாது, அது நேரா லாகுக்குப் போகும்.

ரெண்டு ப்ராப்பர்ட்டியை சேர்த்துப் பாக்கணும்னா, உதாரணமா ரீட்ரை எண்ணிக்கையை டிலேவால பெருக்கினா மொத்த டைம்அவுட்டைத் தாண்டக் கூடாதுன்னா, அட்ரிபியூட்டை கிளாஸ் மேல போடணும். இங்க ஒரு விஷயம், ப்ராப்பர்ட்டி லெவல்ல ஏதாவது தப்பு இருந்தா கிளாஸ் லெவல் செக் ஓடவே ஓடாது. அதனால "எல்லா தப்பையும் சரி பண்ணிட்டேன்"னு டிப்ளாய் பண்ணா புதுசா ஒண்ணு முளைக்கும், யாரையும் திட்டாதீங்க, அதோட வரிசையே அதுதான்.

ரொம்ப நேரம் தின்னது நெஸ்டட் கிளாஸ்தான், அதாவது ஒரு கிளாஸுக்குள்ள ப்ராப்பர்ட்டியா இருக்கிற இன்னொரு கிளாஸ். செட்டிங்ஸுக்குள்ள ரீட்ரைன்னு இன்னொரு கிளாஸ், அதுல அட்ரிபியூட் எல்லாம் அழகா போட்டிருக்கு, ஒண்ணுமே ஓடல. டீஃபால்ட்டா உள்ள இறங்கிப் பாக்காது. டாட் நெட் 8ல வேலிடேட்ஆப்ஜெக்ட்மெம்பர்ஸ்னு ஒரு அட்ரிபியூட்டை அந்த ப்ராப்பர்ட்டி மேல போட்டா உள்ளேயும் போகும், லிஸ்ட்டுக்கு வேலிடேட்இன்யூமரேட்டட்ஐட்டம்ஸ். பழைய வெர்ஷன்ல இருக்கிறவங்க உள் கிளாஸை தனி செக்ஷனா பைண்ட் பண்ணி தனியா வேலிடேட் பண்றது சுலபம், நாங்க இன்னொரு ப்ராஜெக்ட்ல அப்படித்தான் பண்ணிருக்கோம்.

இவ்வளவு பண்ணியும் கீ பேர்ல எழுத்துப்பிழை இருந்தா எந்த அட்ரிபியூட்டும் பிடிக்காது, தெரியாத கீயை பைண்டர் சத்தமில்லாம தள்ளிவிட்டுட்டு டீஃபால்ட் வேல்யூவோட போயிடும், டீஃபால்ட் ரேஞ்சுக்குள்ள இருந்தா வேலிடேஷனும் பாஸ். அதுக்கு பைண்டர் ஆப்ஷன்ஸ்ல எர்ரர்ஆன்அன்நோன்கான்ஃபிகரேஷன்னு ஒண்ணு இருக்கு, ட்ரூ போட்டுட்டோம். போட்ட உடனே யாரும் யூஸ் பண்ணாம கிடந்த பழைய கீ எல்லாம் வரிசையா எர்ரர் அடிக்க ஆரம்பிச்சுது, அதை ஒவ்வொண்ணா அழிச்சுட்டு இருக்கோம் இப்ப.