பேய்க்கும் சாமிக்கும் நடுவில் ஒரு தட்டு

ஆகஸ்ட் 3, 2024, சனி

ஆடிப்பெருக்கு. எலுமிச்சஞ்சாதம் கிளறிக் கையைக் கழுவுவதற்குள் வாசகசாலை வாசலில் குட்டி யானை வண்டி வந்து நின்றுவிட்டது. ஆறு அட்டைப்பெட்டிகள். மேலத் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் போன மாசி மாதம் காலமானார். பெங்களூரில் இருக்கும் மகன் வீட்டை விற்கப் போகிறாராம். "கடைசிப் பத்து வருஷம் அப்பா இதைத்தான் படிச்சாரு மேடம். பழைய பேப்பர் கடையில போட மனசு வரல" என்றார். பெட்டிகளை இறக்கியதும் கிளம்பிவிட்டார். காப்பிகூடச் சாப்பிடவில்லை.

எண்ணிப் பார்த்தேன், 143 புத்தகங்கள். முக்கால்வாசி ஒரே ரகம். செத்த பிறகு என்ன ஆகும், மறுபிறவி, ஆவி, தியானம், சித்தர், நான் யார், எதற்காக வாழ்கிறோம். முப்பத்து நான்கு வருடம் நூலகத்தில் குப்பை கொட்டியவள் நான். ஒரு மனிதரின் புத்தகங்களை இப்படி மொத்தமாகப் பார்க்கும்போது அவருடைய மருத்துவச் சீட்டைப் படிப்பதுபோல் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. பாதி ஊர் பூம்புகாரில் தர்ப்பணம் கொடுக்கிறது. வாசகசாலையில் நானும் மின்விசிறியும்தான். பகுக்க உட்கார்ந்தேன்.

நான் வேலை பார்த்த இடத்தில் புத்தகத்துக்குத் தட்டு காட்டுவது டூயி எண். 1876-இல் ஓர் அமெரிக்கர் போட்ட கணக்கு, உலகத்தில் உள்ள அத்தனையும் பத்து வகுப்புக்குள் அடங்க வேண்டும். பேய்க்கு 133.1. ஜோதிடத்துக்கு 133.5. ஆவிகளோடு பேசுவதற்கு 133.9. மனத்தைத் தேற்றிக்கொள்ளும் புத்தகங்கள் 158. சமயம் 200. அந்த 200-க்குள் பெரும்பகுதியைக் கிறித்தவம் எடுத்துக்கொள்ள, நம் ஊர்ச் சாமிகள் எல்லாம் 294.5 என்ற ஒரே சந்துக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கும். திருவிழாக் கூட்டம் மாதிரி.

போஸ்ட் மாஸ்டரின் பெட்டியை இந்தக் கணக்கில் பிரித்தால் நான்கு தட்டுகளுக்குச் சிதறிப் போகும். அவர் என்னவோ ஒரே கேள்வியைத்தான் 143 தடவை கேட்டிருக்கிறார்.

ரங்கநாதனை நினைத்துக்கொண்டேன். இதே சீர்காழியில் 1892-இல் பிறந்தவர். கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1933-இல் கோலன் பகுப்பு முறையைக் கொடுத்தவர். அதில் ஒரு வேடிக்கை உண்டு. அறிவியல் வகுப்புகள் ஒரு பக்கம், கலை, இலக்கியம், சமயம், சமூகம் இன்னொரு பக்கம். நடுவில் தனியாக ஒரு வகுப்பு, ஆன்ம அனுபவம், மறைஞானம். அதற்கு ஆங்கில எழுத்து கிடையாது, கிரேக்க டெல்டா, ஒரு முக்கோணம். சமயத்துக்கு வேறு எழுத்து இருக்கிறது, அது தள்ளி இருக்கிறது. பட்டயப் படிப்பில் இதை நடத்தியபோது பின் பெஞ்சில் ஒருத்தி, "டெல்டா மாவட்டத்துக்காரர், வேற என்ன வைப்பாரு" என்றாள். பேராசிரியருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

நான்காவது பெட்டி முழுக்க ராமபாணப் பூச்சி. கண்ணதாசனின் 'அர்த்தமுள்ள இந்து மதம்' பத்துப் பாகங்களில் மூன்றைத் தின்று தீர்த்திருக்கிறது. மீதி ஏழையும் மாடியில் காய வைத்தேன். மதியம் தூறல், ஓடிப்போய் எடுத்தேன். இன்று அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 8, வியாழன்

போஸ்ட் மாஸ்டர் பென்சிலால் எழுதுகிறவர். படித்து முடித்த தேதியைக் கடைசிப் பக்கத்தில் போடுவார், அஞ்சல் முத்திரை மாதிரி.

இயன் ஸ்டீவன்சனின் மறுபிறவிப் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது, 1966-இல் வந்தது. வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவர் அவர். முற்பிறவி நினைவிருப்பதாகச் சொன்ன குழந்தைகளைத் தேடிப் போய் விசாரித்தவர். இருபது கதைகள். இந்தியாவில் ஏழு, இலங்கையில் மூன்று, அலாஸ்காப் பழங்குடியினரிடம் ஏழு, பிரேசிலில் இரண்டு, லெபனானில் ஒன்று. தலைப்பிலேயே ஜாக்கிரதையான ஆள். மறுபிறவிக்குச் சான்று என்று போடவில்லை. மறுபிறவி இருக்குமோ என்று எண்ண வைக்கும் இருபது நிகழ்வுகள் என்கிற மாதிரிதான் போட்டிருக்கிறார்.

அவர் இன்னொரு காரியமும் செய்தார். எண்களைத் திருப்பித் திறக்கிற பூட்டு ஒன்றை, தனக்கு மட்டுமே தெரிந்த ஒரு சொல்லை வைத்துப் பூட்டித் தன் துறையின் கோப்பு அலமாரியில் வைத்தார். செத்த பிறகும் தான் இருந்தால், எப்படியாவது அந்தச் சொல்லை யாருக்காவது சொல்லி அனுப்புவதாக ஏற்பாடு. 2007-இல் இறந்தார். பூட்டு அப்போதும் பூட்டியே இருந்தது.

இந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் போஸ்ட் மாஸ்டர் தேதி போட்டு, கீழே இரண்டே சொல் எழுதியிருக்கிறார். "சரி. அப்புறம்?"

மனிதரை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. உயிரோடு இருந்தபோது நாலு வார்த்தை பேசியிருக்கலாம்.

ஆகஸ்ட் 12, திங்கள்

ரங்கநாதன் நினைவாக இன்று நூலகர் தினம். பழைய சகாக்கள் வாட்ஸப்பில் பூங்கொத்து அனுப்பினார்கள்.

மாலை சட்டைநாதர் கோயில் வாசலில் பூக்கட்டும் பெண் வந்தாள். தை மாதம் அவள் வீட்டுக்காரர் பைக்கிலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்தார். நாற்பது, நாற்பத்திரண்டு வயதிருக்கும் அவளுக்கு. பத்தாவது வரை படித்தவள். எப்போதும் மகளுக்குத்தான் புத்தகம் எடுப்பாள். இன்று நின்றுகொண்டே, "அக்கா, செத்தவங்க எங்க போறாங்கன்னு புக்கு ஏதாச்சும் இருக்கா?" என்றாள். பால் பாக்கெட் இருக்கிறதா என்று கேட்கிற குரல்.

போன வாரம் வைத்தீஸ்வரன்கோயில் போயிருக்கிறாள், நாடி பார்க்க. ஆணுக்கு வலது கட்டைவிரல், பெண்ணுக்கு இடது. ரேகையை 108 வகையாகப் பிரித்து அதை வைத்து ஓலைக்கட்டு எடுப்பதாகச் சொல்வார்கள். அப்புறம் ஒவ்வோர் ஓலையாக, அப்பா பெயர் இந்த எழுத்தா, உடன்பிறந்தோர் இத்தனை பேரா என்று கேட்டு, ஆமாம் இல்லை வாங்கி, உங்கள் ஓலைக்கு வந்து சேர்வார்கள். இதை அவள் சொல்லச் சொல்ல எனக்கு வேறொன்று ஓடியது. நூலக மேசையில் உட்கார்ந்து நானும் இதைத்தானே செய்தேன்? கதையா கட்டுரையா, தமிழா இங்கிலீஷா, தடியா ஒல்லியா, உங்களுக்கா பிள்ளைக்கா? கடைசியில் வாசகர் ஏற்கெனவே மனத்தில் வைத்திருந்த புத்தகத்துக்கு வந்து நிற்போம். நாடி உண்மை என்று நான் சொல்ல வரவில்லை. அந்த மேசையின் இரண்டு பக்கமும் எனக்குப் பழக்கம், அவ்வளவுதான்.

அங்கே பொதுக் காண்டம் படித்துவிட்டு, பரிகாரத்துக்குப் பதின்மூன்றாவது காண்டம் பார்க்க வேண்டும், அதற்குத் தனிப் பணம் என்றார்களாம். கையில் இல்லை, எழுந்து வந்துவிட்டாள்.

மறைமலையடிகளின் 'மரணத்தின்பின் மனிதர்நிலை'யை எடுத்துக் கொடுத்தேன். 1911-இல் எழுதியது. தனித்தமிழ்க் கொடியை அவர் தூக்கியது 1916-இல், அதனால்தான் தலைப்பிலேயே மரணம் என்ற வடசொல் இருக்கிறது. அடிகள் என்றால் தமிழ், சைவம் என்றே நினைக்கிறோம். அறிதுயில், மனக்கவர்ச்சி, தொலைவிலுணர்தல் என்று இந்தத் துறையிலும் ஒரு வண்டி எழுதியிருக்கிறார். நாட்குறிப்பு மட்டும் ஆங்கிலத்தில்.

கொடுத்த பிறகுதான் யோசித்தேன், தப்பான புத்தகமோ என்று.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றி மிட்டாய் கொடுத்து அனுப்பினால், பிள்ளைகள் ஒன்றும் வீட்டுக்குப் போகவில்லை. புது வரவில் பேய்க் கதைத் தொகுப்பு இரண்டே இரண்டு. பத்தே நிமிடத்தில் இரண்டும் போய்விட்டன, ஒன்றுக்குக் கைகலப்பு. 'நான் யார்?' ஐந்து பிரதிகள் இருக்கின்றன, ஒரு கை நீளவில்லை.

ஐந்து பிரதிகள் எதற்கு வைத்திருந்தார் என்று தெரிகிறது. யாருக்காவது கொடுக்க. மெல்லிய புத்தகம், ஒரு பஸ் பயணத்தில் முடிந்துவிடும். வருவாய்த்துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை 1902 வாக்கில் திருவண்ணாமலைக் குகையில் கேட்ட கேள்விகள். ரமணர் அப்போது பேசுவதில்லை, இருபத்திரண்டு வயதுதான், எழுதிக் காட்டியும் சைகையிலும் பதில். பால் பிரண்டன் என்ற ஆங்கிலேயர் 1930 வாக்கில் இந்தியா முழுக்கச் சாமியார்களைத் தேடி அலைந்து, செங்கல்பட்டில் காஞ்சிப் பெரியவரைப் பார்த்து, அவர் கைகாட்டித் திருவண்ணாமலை போய், 1934-இல் தடித்த புத்தகம் போட்டார். அதுவும் பெட்டியில் இருக்கிறது. எனக்கென்னவோ பிரண்டன் புத்தகத்தில் பிடித்தது அவர் ஏமாந்த அத்தியாயங்கள்தான். போலிகளை விவரிக்கும்போது பேனா துள்ளுகிறது. ரமணர் முன்னால் உட்கார்ந்ததும் நடை பஞ்சாமிர்தமாகிவிடுகிறது.

ஆகஸ்ட் 17, சனி

கணக்கு சார் சண்டைக்கு வந்தார். எழுபத்தைந்து வயது, கறுப்புச் சட்டைக்காரர், என் மகனுக்கு அல்ஜீப்ரா சொல்லிக் கொடுத்தவர்.

"ஏம்மா, படிச்ச நீயே இந்தக் குப்பையை அடுக்கலாமா?"

"நீங்க கொடுங்க சார், அதையும் அடுக்குறேன்."

மாலையே கோவூரின் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஆபிரகாம் கோவூர், கேரளத்தில் பிறந்து இலங்கையில் தாவரவியல் ஆசிரியராக இருந்தவர். ஓய்வுக்குப் பின் பேய் பிடித்த வீடுகளாகப் போய் யார் கல்லெறிகிறார்கள் என்று கண்டுபிடித்துச் சொன்னவர். அற்புதம் செய்து காட்டினால் ஒரு லட்சம் ரூபாய் என்று பந்தயம் வைத்தார். 1978-இல் சாகும்வரை யாரும் அதை வாங்கவில்லை.

"இதுக்கு என்ன நம்பர்?" என்றார் சார்.

"133 சார்."

"பேய் நம்பரா?"

எண் என்பது பேசுபொருளுக்குத்தான், கட்சிக்கு அல்ல. பேய் உண்டு என்பவரும் இல்லை என்பவரும் ஒரே தட்டில் தோளோடு தோள் நிற்க வேண்டியதுதான். சாருக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அறிவியலில் வை என்று அரை மணி நேரம் வாதாடினார். கடைசியில் அட்டை நுனியில் இருந்த தூசியைத் துடைத்து, தானே தட்டில் வைத்துவிட்டுப் போனார். ஆவிகளோடு பேசுவது எப்படி என்ற புத்தகத்துக்குப் பக்கத்தில், முதுகு காட்டி.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பூக்காரப் பெண் அடிகளைத் திருப்பிக் கொண்டுவந்தாள். ஒன்பது பக்கம் படித்திருக்கிறாள். "தமிழ் ரொம்பக் கஷ்டமா இருக்குக்கா. அதோட அவரு எல்லாம் தெரிஞ்ச மாதிரியே சொல்றாரு."

இதற்கு எனக்குப் பதில் இல்லை. பெட்டியில் இருப்பவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

விக்டர் ஃபிராங்கலின் வதைமுகாம் புத்தகம் தமிழில் இருந்தது, அதைக் கொடுத்தேன். வியன்னா மனநல மருத்துவர். மனைவி, அப்பா, அம்மா, அண்ணன் எல்லாரோடும் நாஜிகளிடம் மாட்டியவர். முகாமிலிருந்து மீண்டு, 1945-இல் ஒன்பதே நாளில் சொல்லச் சொல்ல எழுதவைத்த புத்தகம். அடுத்த வருடம் வந்தது. முதலில் தன் பெயரே போட வேண்டாம் என்று நினைத்தாராம். செத்தவர்கள் எங்கே போகிறார்கள் என்று அதில் ஒரு வரி கிடையாது. அதையும் சொல்லித்தான் கொடுத்தேன்.

"பரவால்ல, குடுங்க. ஆவணி பொறந்துடுச்சு, முகூர்த்தப் பூ தலைக்கு மேல கெடக்கு. மெதுவாத்தான் படிப்பேன்."

அவள் போன பிறகு அதற்கு எண் போடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. 150, உளவியல்? 940.53, இரண்டாம் உலகப்போர்? இரண்டும் பொருந்தும். இரண்டு தட்டிலும் அவள் தேட மாட்டாள்.

ஆகஸ்ட் 24, சனி

மொத்தம் 131 புத்தகங்களுக்கு எண் எழுதி ஒட்டியாயிற்று. பசை வாங்கிய செலவு நாற்பது ரூபாய், கணக்கில் எழுதியிருக்கிறேன். மூன்று பூச்சிக்குப் போனது. மிச்சம் ஒன்பது, எங்கும் உட்கார மாட்டேன் என்கின்றன. அவற்றின் முதுகில் பென்சிலால் சின்ன முக்கோணம் போட்டுச் சன்னலோரத் தட்டில் வைத்தேன். டூயிக்காரர்கள் யாரும் வந்து பார்க்கப்போவதில்லை.

ஆகஸ்ட் 31, சனி

அவள் வந்தாள். புத்தகத்தைத் திறந்ததும் மரிக்கொழுந்து வாசனை. பாதியில் பஸ் டிக்கெட் மடித்து வைத்திருந்தது.

"அக்கா, விடியறதுக்கு முன்னாடி குளிர்ல வேலைக்கு அடிச்சு ஓட்டிக்கிட்டுப் போறானுங்க இல்ல, அப்ப இவரு பொண்டாட்டிகூட மனசுக்குள்ள பேசிக்கிட்டே நடக்குறாரு. அவங்க உயிரோட இருக்காங்களா இல்லையான்னே இவருக்குத் தெரியாதாமே."

"ஆமா."

"இருந்தாங்களா?"

"இல்லை. வேற முகாம்ல இறந்துட்டாங்க. ஊருக்குத் திரும்பினப்புறம்தான் அவருக்குத் தெரிஞ்சுது."

கொஞ்ச நேரம் பேசாமல் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நானும் கட்டிக்கிட்டே பேசுவேன்" என்றாள். "எம் பொண்ணு, யாருகிட்டம்மா பேசுறேங்குது."

இன்னும் பதினைந்து நாளுக்குத் தேதி முத்திரை குத்திக் கொடுத்தேன். வாசல் வரை போனவள் திரும்பி, "நீங்க இல்லாத அன்னிக்கு வந்தா எதுல வைக்கணும்க்கா?" என்றாள்.

சன்னலைக் காட்டினேன். மேலிருந்து இரண்டாவது தட்டு.