நீரேற்று நிலையமும் அழுத்தக் காற்றும்: கணக்கு எங்கே இடிக்கிறது

மிஞ்சிய மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது நீரேற்று மின்நிலையம்; காற்றை அழுத்தி வைத்து, பிறகு விரித்து எடுப்பது அழுத்தக் காற்று நிலையம். ஒரு கன மீட்டர் தண்ணீரை 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்றி வைத்தால் அதில் தங்குவது வெறும் 0.27 யூனிட். டர்பைன், ஜெனரேட்டர் இழப்பு போக ஒரு யூனிட் கையில் கிடைக்க சுமார் 4,000 லிட்டர் வேண்டும். நீரேற்று மின்நிலையம் பற்றிப் பேச ஆரம்பிக்கும் யாரும் முதலில் இந்த எண்ணை மனதில் போட்டுக்கொள்வது நல்லது. பிறகு வருவதெல்லாம் இதன் பெருக்கல்தான்.

100 மெகாவாட்டை 6 மணி நேரம் தர வேண்டும், மேல் ஏரிக்கும் கீழ் ஏரிக்கும் உயர வித்தியாசம் (ஹெட்) 300 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 38 கன மீட்டர் ஓட வேண்டும். மொத்தம் சுமார் 8.2 லட்சம் கன மீட்டர். நீர்மட்டம் 15 மீட்டர் ஏறி இறங்கலாம் என்றால் ஐந்தரை ஹெக்டேர் ஏரி போதும். நீர் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓட, மேல் ஏரியிலிருந்து டர்பைனுக்கு நீர் இறங்கும் பென்ஸ்டாக் குழாய்க்கு 3.1 மீட்டர் விட்டம். இதையே 75 மீட்டர் ஹெட்டில் செய்யப் பார்த்தால் தண்ணீர் நான்கு மடங்கு, குழாய் விட்டம் இரண்டு மடங்கு, இயந்திரமும் மெதுவாகச் சுற்றுகிற பெரிய உருப்படி. செங்குத்தான மலை கிடைத்த இடத்தில் மட்டும் இந்த நிலையங்கள் முளைப்பதற்குக் காரணம் இதுதான்.

செலவைக் குறைக்கக் குழாயைச் சிறிதாக்கலாமே என்ற யோசனை எல்லாத் திட்டத்திலும் ஒருமுறையாவது வரும். உராய்வு இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்குத் தலைகீழாகப் போகிறது. விட்டத்தை 10 சதவீதம் குறைத்தால் இழப்பு 70 சதவீதம் கூடும், அதுவும் ஏற்றும்போது ஒருமுறை, இறக்கும்போது ஒருமுறை. நல்ல நிலையத்தில் போட்டதில் 75 முதல் 80 சதவீதம் திரும்பி வரும். இப்படிக் கை வைத்தால் அது சரியும்.

பெரும்பாலான நிலையங்களில் பம்பும் டர்பைனும் ஒரே பிரான்சிஸ் வகை ரன்னர்தான் (நீரில் சுற்றும் சக்கரம்). திசை மாற்றிச் சுற்றும். நீர் நிரம்பியிருக்கும்போது அதைப் பம்ப் திசையில் நின்ற நிலையிலிருந்து கிளப்ப ஏகப்பட்ட விசை வேண்டும். அதனால் ரன்னரைச் சுற்றி நீர் வழியைத் திறந்து மூடும் தகடுகளான கைடு வேன்களை மூடி, ரன்னர் அறைக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்தித் தண்ணீரைக் கீழே தள்ளிவிடுவார்கள். வெறும் காற்றில் சுற்றவிட்டு, முழு வேகம் வந்து கிரிட்டோடு (மின்தொகுப்போடு) இணைந்த பிறகு காற்றை வெளியேற்றி, நீர் நிரம்பி அழுத்தம் ஏறியதும் வேன்களைத் திறப்பார்கள். வேல்ஸில் 1984-ல் வந்த டினோர்விக் நிலையம் (1,728 மெகாவாட்) நொடிக்கணக்கில் சுமை ஏற்பதும் இதே வித்தையால்தான்: ரன்னர் ஏற்கெனவே காற்றில் சுற்றிக்கொண்டிருக்கும்.

வால்வைப் பட்டென்று மூடுவதுதான் பெரிய ஆபத்து. குழாய்க்குள் அழுத்த அலை விநாடிக்கு ஏறக்குறைய 1,000 மீட்டர் போகும். 5 மீட்டர் வேக நீரைத் திடீரென நிறுத்தினால் 50 பார் கூடுதல் அழுத்தம் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). நிலையான அழுத்தமோ 30 பார் சொச்சம். 900 மீட்டர் குழாயில் அலை போய்த் திரும்ப 1.8 விநாடி ஆகும், அதற்குள் மூடினால் முழு அடியும் விழும். 20 விநாடி எடுத்துச் சீராக மூடினால் 2, 3 பாரோடு போய்விடும். அதற்காக ரொம்ப மெதுவாகவும் மூட முடியாது. சுமை அறுந்த இயந்திரம் வேகம் பிடித்துவிடும். நீண்ட சுரங்கப்பாதை இருந்தால் அழுத்த அலையைத் தாங்கிக்கொள்ளும் சர்ஜ் டேங்க் என்ற தொட்டி இல்லாமல் ஆகாது.

அளவுமானியை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் மிசௌரியில் உள்ள டாம் சாக் நீரேற்று நிலையமே சாட்சி. மேல் ஏரியின் நீர்மட்ட உணரிகள் இருந்த குழாய்கள் பிடிப்பிலிருந்து கழன்று வளைந்தன. மட்டம் உண்மையைவிடக் குறைவாகத் தெரிந்தது, பம்ப் நிற்காமல் ஏற்றியது. கடைசிக் காவலாக இருந்த உணரிகளையோ கரையின் தாழ்வான பகுதியைவிட உயரத்தில் பொருத்தியிருந்தார்கள். 2005 டிசம்பர் 14 அன்று நீர் கரைமேல் வழிந்து, கரையே அறுந்து, சுமார் 50 லட்சம் கன மீட்டர் மலையிறங்கியது. உயிர்ச்சேதம் இல்லாதது அதிர்ஷ்டம். காவல் உணரியின் உயரத்தை வரைபடத்தோடு ஒப்பிட்டால் போதாது, கரை அழுந்தி இறங்கிய பிறகு உள்ள உயரத்தோடு ஒப்பிட வேண்டும்.

அழுத்தக் காற்றுக்கு மலை வேண்டாம், பூமிக்கடியில் உப்புப் படிவம் போதும், அதில் குடைந்த குகையில் காற்றை அடைத்து வைப்பார்கள். ஆனால் அங்கே வேறொரு கணக்கு இடிக்கும்: வெப்பம். சைக்கிள் பம்பின் அடி சுடுவது தெரியும். 15 டிகிரிக் காற்றை 1 பாரிலிருந்து 70 பாருக்கு ஒரே மூச்சில் அழுத்தினால் ஏறக்குறைய 700 டிகிரி செல்சியஸ். ஒரு கிலோ காற்றுக்குச் சுமார் 685 கிலோஜூல் செலவாகும். நான்கு கட்டமாக, நடுநடுவே இன்டர்கூலரில் ஆற்றி அழுத்தினால் 410-க்கு வந்துவிடும். ஆனால் அந்த வெப்பத்தை வெளியே விட்டுவிட்டால், திரும்ப விரிக்கும்போது காற்று கடுமையாகக் குளிர்ந்து டர்பைனில் பனி கட்டும். அதனால் எரிவாயுவை எரித்துச் சூடாக்குகிறார்கள்.

ஜெர்மனியின் ஹன்டோர்ப் (1978) அப்படித்தான் ஓடுகிறது: ஒரு யூனிட் கொடுக்க 0.8 யூனிட் மின்சாரமும் 1.6 யூனிட் மதிப்புள்ள எரிவாயுவும். அலபாமாவின் மெக்கின்டோஷ் (1991, 110 மெகாவாட்) புகைபோக்கி வெப்பத்தைப் பிடித்து உள்ளே வரும் காற்றுக்கே கொடுப்பதால் 0.69-ம் 1.17-ம். மின்சாரத்தை மட்டும் கணக்குக் காட்டி ‘100 சதவீதத்துக்கு மேல்’ என்று எழுதும் விளம்பரத்தை நம்ப வேண்டாம். இரண்டையும் கூட்டினால் 42, 54 சதவீதம்தான்.

குகையின் கொள்ளளவையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 46-க்கும் 70 பாருக்கும் நடுவே ஓட்டினால் உள்ளே இருக்கும் காற்றில் மூன்றில் ஒரு பங்குதான் பயன்படும். மீதி எப்போதும் உள்ளேயே கிடக்க வேண்டும். அழுத்தம் ரொம்ப இறங்கினால் உப்புச் சுவர் மெல்ல உள்நோக்கி நகரும். டர்பைன் ஒரே அழுத்தத்தை எதிர்பார்ப்பதால் அதற்கு மேலே உள்ள அழுத்தத்தையும் வால்வில் வீணாக்க வேண்டியிருக்கிறது.

ஈரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதத்தில் விநாடிக்கு 100 கிலோ காற்று இழுக்கும் கம்ப்ரசரின் கூலர்களில் விநாடிக்கு 2 லிட்டர் தண்ணீர் பிரியும். அதை வெளியேற்றும் டிரெயின் வால்வு அடைத்துக்கொண்டால் அது அடுத்த கட்ட பிளேடில் போய் அடிக்கும். குகையிலிருந்து வரும் உப்பு ஈரக் காற்றில் எஃகுக் குழாய் துருப்பிடித்து, துருத் தூள் டர்பைன் பில்டரை அடைக்கும்.

எரிவாயு வேண்டாமென்றால் அழுத்தும்போது வரும் வெப்பத்தையே சேமிக்க வேண்டும். கட்டங்கள் குறைந்தால் வெப்பநிலை கூடும்: இரண்டு கட்டத்தில் 300 டிகிரி, அதற்கு எண்ணெயோ உருகிய உப்போ, நான்கு கட்டத்தில் 135 டிகிரி, அதற்கு அழுத்தமேற்றிய வெந்நீரே போதும். வெந்நீர் மலிவு. ஆனால் அழுத்த நான்கு, விரிக்க நான்கு என எட்டு வெப்பப் பரிமாற்றிகள். ஒவ்வொன்றிலும் பத்து டிகிரி, கொஞ்சம் அழுத்தம் என்று கரையும். சீனாவில் 2022-ல் ஜாங்பெய்யில் 100 மெகாவாட், 2024-ல் ஃபெய்செங்கில் 300 மெகாவாட் இந்த வழியில் வந்திருக்கின்றன. 70 சதவீதம் வரை சொல்கிறார்கள். தினமும் ஏற்றி இறக்கினால் சரி. ஏரியில் தண்ணீர் வாரக்கணக்கில் காத்திருக்கும், இந்த வெப்பம் காத்திருக்காது.

நீர், காற்று இரண்டையும் சேர்த்த வடிவமும் உண்டு: 600 மீட்டர் ஆழத்தில் கடினப் பாறையைக் குடைந்து, மேலே ஒரு குளம், நடுவே நீர்க் கிணறு. காற்று நுழையும்போது நீரை மேலே தள்ளும், வெளியேறும்போது நீர் கீழே வந்து நிரப்பும். அழுத்தம் எப்போதும் 59 பார் பக்கம் நிற்கும், குகைக் காற்று முழுக்கப் பயன்படும். இடைஞ்சல் நீரில் கரைந்த காற்றால் வருகிறது. அந்த நீர் மேலேற மேலேற அழுத்தம் குறைந்து குமிழி விடும், நீர்த்தூண் இலேசாகும், இலேசானதால் இன்னும் வேகமாக ஏறும். கட்டுப்பாடு தவறினால் கிணற்று நீர் குமுறி வெளியே பாய்ந்து, பின்னாலேயே குகைக் காற்றும் தப்பிவிடும். அதனால்தான் கிணற்றின் அடியில், குகைத் தரைக்கும் கீழே இறங்கி ஏறும்படி ஒரு யூ வளைவு வெட்டுகிறார்கள். தூண் எவ்வளவு இலேசாகலாம் என்பதைக் கணக்கிட்டு அதன் ஆழத்தை முடிவு செய்வார்கள்.