கண்ணுக்கு வந்து சேரும் ஒளி

ஜூலை 3

ஆறாம் வகுப்புக்கு ஒளிப் பாடம் தொடங்கியாயிற்று. புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டேன்: மேசை மேல் இருக்கும் பந்து நமக்கு எப்படித் தெரிகிறது? பதிலைப் படமாக வரையச் சொன்னேன். பெரும்பாலான படங்களில் கண்ணிலிருந்து பந்துக்கு அம்புக்குறி போயிருந்தது. சிலர் ஜன்னலிலிருந்து பந்து வரை கோடு போட்டு அங்கேயே நிறுத்திவிட்டார்கள். வெளிச்சம் பட்டது, பந்து தெரிந்தது, அவ்வளவுதான். பந்திலிருந்து கிளம்பிக் கண்ணுக்கு வரும் அம்பை வரைந்தவர்கள் மிகச் சிலரே.

பிள்ளைகளைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் கூடக் கண்ணிலிருந்து கதிர் புறப்படுவதாக வைத்துத்தான் பார்வையின் வடிவியலை எழுதினார். அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து, இன்றைக்குச் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதம் அதை மறுத்தார். பலமான ஒளியைப் பார்த்தால் கண் வலிக்கிறது, ஆகவே வெளியிலிருந்து ஏதோ ஒன்று கண்ணுக்குள் வருகிறது என்பது அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று. இந்த ஒரு விஷயம் மனதில் ஏறிவிட்டால் பாடத்தில் மற்றதெல்லாம் தானாக வரும் என்று நம்புகிறேன்.

ஜூலை 4

துளையிட்ட மூன்று அட்டைகளை வரிசையாக நிறுத்தி டார்ச் அடித்தோம். துளைகள் ஒரே நேர்கோட்டில் இருந்தால் சுவரில் புள்ளி விழும். நடு அட்டையைக் கொஞ்சம் நகர்த்தினால் போய்விடும். இது எல்லோருக்கும் உடனே புரிந்தது.

அப்புறம் ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், டார்ச்சுக்கும் சுவருக்கும் நடுவுல வெளிச்சம் தெரியலையே, அது எங்க போச்சு?" அருமையான கேள்வி. பதில் சொல்லாமல் கரும்பலகைத் துடைப்பானை எடுத்து அந்த வழியில் தட்டினேன். சுண்ணாம்புத் தூள் பறந்ததும் காற்றில் ஒளிக்கற்றை பளிச்சென்று தெரிந்தது. தூள் அடங்க அடங்க அதுவும் மங்கி மறைந்தது. நம்மைக் கடந்து போகிற ஒளி நமக்குத் தெரியாது. எதிலாவது பட்டு நம் பக்கம் திரும்பினால்தான் தெரியும். அதை அவனே சொன்னான்.

ஜூலை 7

இந்தப் பாடத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த சோதனை இன்று. தரையில் வெள்ளைத் தாளை விரித்து, அதன் நடுவில் சிறிய முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்தேன். அறையை நன்றாக இருட்டாக்கிவிட்டு டார்ச்சைச் சாய்வாக அடிக்கப் போகிறேன், தாள், கண்ணாடி இரண்டில் எது பிரகாசமாகத் தெரியும்? எல்லாரும் "கண்ணாடி!" என்றார்கள்.

டார்ச்சைப் போட்டேன். என் பக்கம் நின்றவர்களுக்குத் தாள் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. அதன் நடுவே கண்ணாடி, தாளில் ஓட்டை போட்டது மாதிரிக் கறுப்பாகக் கிடந்தது. ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருத்தி எதிர்ச்சுவரைக் காட்டினாள், "அதோ பாருங்க!" அங்கே ஒரு வெளிச்சத் திட்டு. கண்ணாடிக்கு வந்த ஒளி கிட்டத்தட்ட முழுவதும் அங்கே போய்விட்டது. எங்கள் கண்ணுக்கு எதுவும் வரவில்லை. தாளோ சொரசொரப்பானது, வந்த ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிக்கிறது, அதனால் எங்கே நின்றாலும் தெரிகிறது. ஒழுங்கான எதிரொளிப்பு, ஒழுங்கற்ற எதிரொளிப்பு என்ற பெயர்களை இதற்கு அப்புறம்தான் பலகையில் எழுதினேன். நாம் பார்க்கிற பொருள்களில் பெரும்பாலானவை ஒழுங்கற்ற எதிரொளிப்பால்தான் தெரிகின்றன. புத்தகங்கள் கண்ணாடிக்கே பக்கம் பக்கமாக ஒதுக்கிவிட்டு இதை ஒரு பத்தியில் முடித்துவிடுவதுதான் எனக்கு வருத்தம்.

ஜூலை 8

கோணமானி வைத்து அளந்தோம். ஒளி வந்து படும் கோணமும் (படுகோணம்) அது திரும்பிப் போகும் கோணமும் (எதிரொளிப்புக் கோணம்) சமம். கண்ணாடியின் பரப்பிலிருந்து அளக்காமல் அதற்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளக்க வேண்டும் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. நேற்று சுவரில் திட்டு ஏன் அந்த இடத்தில் விழுந்தது என்று இன்று கணக்காகவே காட்ட முடிந்தது.

ஜூலை 10

சுவரில் ஒரு கண்ணாடியை நேராக மாட்டி, அதில் இடுப்பு வரை தெரியும்படி ஒரு மாணவியை நிற்க வைத்தேன். கால் தெரிய என்ன செய்யலாம்? "பின்னாடி போகணும்" என்று ஒரே குரல். போய்ப் பார்த்தாள். அதே இடுப்பு, உருவம்தான் சிறிதாகத் தெரிந்தது. வகுப்பு நம்பவில்லை. ஆளாளுக்கு வந்து நின்று பார்த்தார்கள்.

கோடு வரைந்து பார்த்தால் காரணம் தெரிகிறது. பாதத்திலிருந்து வரும் ஒளி, பாதத்துக்கும் கண்ணுக்கும் சரிபாதி உயரத்தில் கண்ணாடியில் பட்டால்தான் கண்ணுக்கு வரும். எவ்வளவு தள்ளி நின்றாலும் அந்த உயரம் மாறாது. ஆகவே முழு உருவம் பார்க்க நம் உயரத்தில் பாதியளவு கண்ணாடி போதும், சரியான உயரத்தில் மாட்டினால்.

ஜூலை 11

இரண்டு கண்ணாடிகளைச் செங்கோணத்தில் சேர்த்து நிறுத்தினோம். நடுவே ஒரு பென்சிலை வைத்தால் மூன்று பிம்பம். டார்ச்சை இடமோ வலமோ எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒளி வந்த திசைக்கே திரும்பிப் போனது.

நிலவின் கதையைச் சொல்ல இதுதான் நேரம். 1969-இல் அப்பல்லோ 11 வீரர்கள் அங்கே வைத்துவிட்டு வந்த எதிரொளிப்பான் இதே வேலையைத்தான் செய்கிறது. பூமியிலிருந்து லேசர் அனுப்பினால் சுமார் 3,84,000 கிலோமீட்டர் போய்விட்டு இரண்டரை விநாடியில் திரும்பி வருகிறது. நொடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போகிற ஒளிக்கே அவ்வளவு நேரமா என்று வாய்விட்டு எண்ணிப் பார்த்தார்கள்.

"அதுலயும் ரெண்டு கண்ணாடிதானா?" என்று ஒருத்தி கேட்டாள். இரண்டு போதாது. பக்கவாட்டுச் சாய்வை இரண்டு கண்ணாடி சரிசெய்யும், மேலும் கீழும் சாய்ந்தால் மூன்றாவதும் வேண்டும். திங்கட்கிழமை தரையில் ஒரு கண்ணாடியைச் சேர்த்து மூலையாக ஒட்டப் போகிறோம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்த மூலையைப் பார்க்க வேண்டும். தலையை எங்கே நகர்த்தினாலும் திறந்திருக்கும் கண் மூலையிலேயே நிற்கும். அது ஏன் என்பதை அவர்களே வரைந்து காட்டட்டும்.